வறண்ட நாளின் வாளியும் மேட்டு வீட்டுக் குழாயும்

மலைக் கிராமத்துக்குக் குடிநீர் கொண்டுவர மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஊருக்கு மேலே ஓர் ஊற்று இருந்தால் போதும், தண்ணீர் தானாக இறங்கி வரும். இப்படிச் சொல்லித்தான் வேலை தொடங்குகிறது. சொல்வதில் பொய் இல்லை. ஆனாலும் குழாய் போட்ட இரண்டாம் மூன்றாம் கோடையிலேயே காற்று மட்டும் வரும் ஊர்கள் நிறைய. காரணத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றில் போய் நிற்கும். ஊற்றை மழைக்காலத்தில் அளந்திருப்பார்கள். இல்லையென்றால், ஊரின் நடுவில் இருக்கும் வீட்டை மனதில் வைத்துக் கணக்குப் போட்டிருப்பார்கள். வருடத்தின் மிக வறண்ட நாள், ஊரின் மிக உயரமான வீடு இரண்டுக்கும் கணக்கு ஒத்துவர வேண்டும். மற்ற எல்லா முடிவும் அதற்குப் பிறகுதான்.

அளப்பதற்கு ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும். ஊற்று நீர் முழுவதும் ஒரே இடத்தில் விழும்படி மண்ணால் சிறு அணை கட்டி, நடுவில் ஒரு துண்டுக் குழாயைச் செருகி, அடியில் 20 லிட்டர் வாளியை வைக்க வேண்டும். அணையின் ஓரத்தில் கசிவு இருந்தால் களிமண்ணை அப்பி அடைக்காமல் அளக்கக் கூடாது. ஐந்து முறை நிரப்பி, சராசரி எடுக்க வேண்டும். வாளி 80 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 0.25 லிட்டர், ஒரு நாளைக்கு 21,600 லிட்டர். இந்த அளவை முதல் மழை வருவதற்குச் சற்று முன்பு, பூமி காய்ந்து கிடக்கும் வாரங்களில் எடுக்க வேண்டும். ஒரே ஒரு வருட அளவை நம்பி இறங்குவதும் ஆபத்து. ஊரில் வயதானவர்களிடம், குறிப்பாகத் தினமும் குடம் சுமந்த பெண்களிடம், எந்த வருடம் ஊற்று எவ்வளவு இளைத்தது என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்வது பெரும்பாலும் மிகத் துல்லியமாக இருக்கும்.

ஊற்று ஆழத்திலிருந்து வருகிறதா, மேல்மண்ணில் ஊறிய மழைநீர்தான் வழிகிறதா என்பதையும் கருவி இல்லாமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கனமழை பெய்த மறுநாள் தண்ணீர் கலங்கினாலோ, ஓட்டம் திடீரென்று பல மடங்கு கூடினாலோ, மேல்நீர் கலக்கிறது. காலையிலும் நண்பகலிலும் வெப்பமானியை விட்டுப் பாருங்கள். வெப்பநிலை மாறவே இல்லை என்றால் நல்ல அடையாளம். கிருமிப் பரிசோதனைக்கு ஹைட்ரஜன் சல்பைடு பாட்டில் உண்டு. தண்ணீரை ஊற்றி வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கழிவு கலந்திருக்கும்போது கறுத்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் 100 மில்லி நீரில் மலக்கழிவைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது. ஆர்சனிக், ஃபுளோரைடு இரண்டையும் ஒரு முறையாவது ஆய்வகத்தில் பார்த்துவிட வேண்டும். லிட்டருக்கு ஆர்சனிக் 0.01 மில்லிகிராமும் ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமும் எல்லை. பாறையில் கரைந்து வரும் இவற்றைக் கொதிக்க வைத்தும் போக்க முடியாது, குளோரின் போட்டும் போக்க முடியாது. அளவு மீறியிருந்தால் வேறு ஊற்றைத் தேடுவதுதான் வழி.

இனி ஒரு கணக்கு. 60 வீடு, 300 பேர் இருக்கும் ஊர் என்று வைத்துக்கொள்வோம். வருடம் 2 சதவீதம் வளர்ந்தால் 20 வருடத்தில் ஏறக்குறைய 450 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்றால் 20,250 லிட்டர். மேலே அளந்த ஊற்று தருவது 21,600. மயிரிழையில் தேறுகிறது. இதில் ஆடுமாடுகளுக்கான தண்ணீர் இல்லை; ஒரு மாடு மட்டுமே நாளைக்கு 30 முதல் 50 லிட்டர் வரை குடிக்கும். அதனால் தொட்டி நிரம்பி வழியும் நீரைக் கால்நடைத் தொட்டிக்குத் திருப்பும் ஏற்பாட்டை ஆரம்பத்திலேயே வரைபடத்தில் போட்டுவிட வேண்டும். அந்த ஊற்றை நம்பிக் கீழே வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்பதும் இந்தக் கட்டத்தில்தான். இருந்தால் அவர்கள் பங்கை ஒதுக்கி, எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே மண்வெட்டியை எடுக்க வேண்டும். குழாய் நள்ளிரவில் வெட்டப்படுவது பெரும்பாலும் இந்த ஒரு கையெழுத்து இல்லாததால்.

ஊற்றுக்கண்ணில் செய்யும் வேலைதான் மொத்தத்திலும் நுட்பமானது. தண்ணீர் கண்ணுக்குத் தெரியும் இடம் அதன் உண்மையான கண்ணாக இருக்காது. சரிந்து விழுந்த மண்ணுக்கும் கல்லுக்கும் அடியில் ஊர்ந்து வந்து அங்கே எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். ஆகவே கீழிருந்து மேலாக, நீரோட்டத்தைப் பின்தொடர்ந்து கையால் தோண்டிப் போக வேண்டும். கடப்பாரையை ஓங்கிக் குத்தக் கூடாது, வெடி வைப்பதைப் பற்றி நினைக்கவே கூடாது. பாறைப் பிளவு ஒன்று விலகிப் பழைய இடத்தில் நீர் நின்றுபோனால் யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. தோண்டத் தோண்ட, பரவலாகக் கசிந்த நீர் ஒரே தாரையாகக் கூடும். மண்ணின் நிறம் மாறும். காலடியில் வழுவழுப்பான களிமண் படுகையோ கெட்டிப் பாறையோ தட்டும். நீர் ஊடுருவாத அந்த அடித்தளத்தின் மேல்தான் சுவரை எழுப்ப வேண்டும். அதற்கு மேலேயே சுவரை நிறுத்திவிட்டால் சில மாதங்களில் தண்ணீர் சுவருக்கு அடியில் வழி கண்டுபிடித்துவிடும்.

கண்ணுக்கும் சுவருக்கும் இடையில் கழுவிய கூழாங்கல்லை அடுக்கி, அதன் மேல் மிதித்துப் பிசைந்த களிமண்ணைப் பரப்பி, அதற்கும் மேல் மண் மூட வேண்டும். மழைநீர் உள்ளே இறங்காமல் தடுப்பது அந்தக் களிமண்தான். கல்லின் வழியாக வரும் நீர் ஒரு சிறு கான்கிரீட் பெட்டியில் சேரும். பெட்டியில் நான்கு விஷயம் தவறக் கூடாது. வெளிச்செல்லும் குழாய் தரையிலிருந்து 10 சென்டிமீட்டராவது உயரத்தில், முனையில் சல்லடையோடு இருக்க வேண்டும். வண்டலை வெளியேற்றும் வாஷ்அவுட் குழாய் அடித்தளத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். மூடியின் விளிம்பு பெட்டியின் உதட்டைக் கவிந்து மூடி, பூட்டோடு இருக்க வேண்டும். நான்காவது ஓவர்ஃப்ளோ, அதாவது மிஞ்சிய நீர் வழிந்து வெளியேறும் குழாய். அதன் மட்டம் ஊற்றுக்கண்ணுக்குக் கீழேதான் இருக்க வேண்டும், மழைக்கால வெள்ளத்தைத் தள்ளும் அளவுக்கு விட்டமும் வேண்டும். கொஞ்சம் அதிகமாகத் தேக்கலாமே என்று ஓவர்ஃப்ளோவை உயர்த்தி வைப்பவர்கள் உண்டு. தேங்கிய நீர் கண்ணின் மேல் அழுத்தும்போது, ஊற்று எதிர்க்காது. பத்தடி தள்ளி வேறு பிளவு வழியாக வெளியேறிவிடும். பெட்டி காலியாகும். பிழையை உணர்ந்து ஓவர்ஃப்ளோவைத் தாழ்த்தினாலும் போன நீர் திரும்புவது அரிது.

பெட்டிக்கு மேலே சுமார் 10 மீட்டர் தள்ளிப் பிறை வடிவில் ஒரு வாய்க்கால் வெட்டி மழைநீரைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். மேட்டுப் பக்கம் குறைந்தது 30 மீட்டருக்கு வேலி. அதற்குள் மாடு மேயக் கூடாது, பயிர் கூடாது, கழிவறை கூடவே கூடாது. பாறை பிளவுபட்டதாக இருந்தால் 30 மீட்டர் போதாது, அசுத்தம் பிளவுகளின் வழியே வெகுதூரம் வரும்.

அடுத்து, குழாய் போகும் பாதையின் ஏற்ற இறக்கத்தை அளப்பது. செல்போன் காட்டும் உயரத்தை இதற்கு நம்பவே கூடாது. 10, 20 மீட்டர் தவறு சாதாரணமாக வரும், அந்த 10 மீட்டரில்தான் மேட்டு வீட்டுக்குத் தண்ணீர் ஏறுமா ஏறாதா என்பதே இருக்கிறது. கொத்தனார்கள் பயன்படுத்தும், தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டமும் இரண்டு அளவுகோல் குச்சிகளும் போதும். நேரம் பிடிக்கும், ஆனால் பொய் சொல்லாது. டியூபுக்குள் காற்றுக் குமிழி இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். கீழே இறங்கும்போது ஒரு முறை, ஏறும்போது ஒரு முறை அளந்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது நல்லது.

நம் கணக்கு ஊரில் ஊற்றிலிருந்து தொட்டிவரை நீளம் 2 கிலோமீட்டர், இறக்கம் 140 மீட்டர் என்போம். 10 மீட்டர் நீர் உயரம் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். கீழே வால்வை மூடினால் அடிக்குழாயில் 14 பார் நிற்கும். எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் குழாயில் பி.என்.10 என்று அச்சிட்டிருந்தால் அது தாங்குவது 10 பார். தண்ணீர் ஓடும்போது எந்தப் பிரச்சினையும் தெரியாது. யாரோ ஒருவர் ராத்திரி வால்வை மூடிவிட்டுப் போவார், விடியும்போது குழாய் வெடித்திருக்கும். அதனால் அழுத்தத்தை எப்போதும் வால்வு மூடிய நிலைக்கே கணக்கிட வேண்டும். தீர்வு இரண்டு. கடைசிப் பகுதிக்கு பி.என்.16 குழாய் போடலாம். அல்லது 70 மீட்டர் இறக்கத்தில் ஒரு சிறு அழுத்தமுறிப்புத் தொட்டி கட்டலாம். தண்ணீர் திறந்தவெளிக்கு வந்து விழுந்ததும் அழுத்தம் பூஜ்யமாகி, அங்கிருந்து புதிதாகக் கணக்குத் தொடங்கும். மிதவை வால்வு இல்லாத, ஓவர்ஃப்ளோ மட்டும் உள்ள அழுத்தமுறிப்புத் தொட்டியே மேல் என்பது என் முடிவு. மிதவை வால்வில் சிக்கிய ஒரு சருகு மொத்த ஊரையும் காய வைத்துவிடும். ஓவர்ஃப்ளோவில் வழியும் நீரோ கீழே ஏதோ மூடியிருக்கிறது என்று தானே சொல்லும்.

விட்டத்தைத் தேர்வு செய்வதில், பெரிய குழாய் எப்போதும் நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. விநாடிக்கு 0.25 லிட்டர் ஓடும்போது, உள்விட்டம் 28 மில்லிமீட்டர் வரும் 32 மி.மீ. குழாயில் உராய்வால் இழக்கும் உயரம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 மீட்டர். 25 மி.மீ. குழாயில் அது 30 மீட்டர். 40 மி.மீ. குழாயில் 3 மீட்டருக்கும் குறைவு. நமக்குக் கிடைக்கும் இறக்கம் 140 மீட்டர். 32 மி.மீ. குழாயை அப்படியே திறந்துவிட்டால் அது ஊற்று தருவதைப் போல மூன்று மடங்கு நீரை இழுக்கப் பார்க்கும். இழுக்க நீர் இல்லாதபோது ஊற்றுப் பெட்டியிலிருந்து காற்றைச் சேர்த்து விழுங்கும். கீழே தண்ணீர் விட்டு விட்டு, வெள்ளையாக நுரைத்து வரும். ஆகவே தொட்டியின் நுழைவாயிலில் ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்க உதவும் குளோப் வால்வு ஒன்றை வைத்து, ஊற்றுப் பெட்டியின் ஓவர்ஃப்ளோவில் மெல்லிய இழையாக நீர் வழியும்வரை குறுக்க வேண்டும். அழுத்தமுறிப்புத் தொட்டி இருந்தால் அதன் நுழைவிலும் இன்னொன்று. இந்த வேலைக்கு கேட் வால்வு ஆகாது. பாதி திறந்து வைத்தால் அதன் தகடு அரித்துப்போகும். கால் சுற்றில் மூடிவிடும் பால் வால்வை நீண்ட குழாயில் வைத்தால், ஓடிவரும் நீர் திடீரென்று நின்று குழாயைச் சம்மட்டி போல் அடிக்கும்.

குழாயை 80 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர் ஆழத்தில் புதைக்க வேண்டும். உறைபனி விழும் மலையில் பனி இறங்கும் ஆழத்துக்கும் கீழே போக வேண்டும். குழாயைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குச் சலித்த மண், கல் நேரடியாகப் படக் கூடாது. எச்.டி.பி.இ. குழாய் மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 0.2 மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். வெயிலில் காய்ந்த 100 மீட்டர் சுருளை விறைப்பாக இழுத்துப் புதைத்தால், 20 டிகிரி குளிர்ந்ததும் 40 சென்டிமீட்டர் சுருங்கி இணைப்பிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். பள்ளத்தில் பாம்பு போல் நெளித்துப் போட்டு, விடிகாலைக் குளிரில் மண் மூடுவதே சரி. தோண்ட முடியாத பாறையிலும் ஓடையைக் கடக்கும் இடத்திலும் ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் போட்டு நங்கூரக் கட்டைகளில் இறுக்க வேண்டும். இணைப்புகளை மட்டும் மூடாமல் விட்டு, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கில் சோதித்த பிறகே மண் தள்ள வேண்டும்.

முதன்முதலில் தண்ணீர் விடும் நாளில் ஊரே தொட்டியடியில் நிற்கும். 28 மி.மீ. உள்விட்டக் குழாய் மீட்டருக்கு 0.6 லிட்டர் பிடிக்கும். 2 கிலோமீட்டரும் நிரம்ப 1,230 லிட்டர், அதாவது ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல். அதுவரை பதற வேண்டாம். இரண்டு மணி நேரமாகியும் வரவில்லை, மேலே ஓவர்ஃப்ளோ வழிகிறது, பாதையில் கசிவும் இல்லை என்றால் அது ஏர் லாக். குழாய் ஒரு மேட்டில் ஏறி இறங்கும் இடத்தில் காற்று சிக்கி, அடைப்பான் போல நிற்கிறது. குழாய் ஓரத்தில் நடந்து போய், மேட்டின் உச்சியில் உள்ள இணைப்பைக் கொஞ்சமாகத் தளர்த்தினால் சீறும் சத்தம் கேட்கும். சத்தம் விட்டுவிட்டு வந்து, பிறகு நீர்த்துளி தெறித்து, கடைசியில் தாரை தெளிவாகும். அப்போது இறுக்கிவிட்டு அடுத்த மேட்டுக்குப் போக வேண்டும். பட்டறிவில் தெரிந்த இந்த உச்சிகளில் எல்லாம் ஏர் வால்வும், பள்ளங்களில் எல்லாம் வாஷ்அவுட்டும் வைத்துவிட்டால் வருடாவருடம் இந்த அலைச்சல் இல்லை. நம் 32 மி.மீ. குழாயில் நீரின் வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர்தான், மணலை அடித்துக்கொண்டு போக 0.7 மீட்டராவது வேண்டும். எனவே பள்ளத்து வாஷ்அவுட்டை மாதம் ஒருமுறை திறந்துவிடாமல் இருந்தால் வண்டல் கட்டாயம் சேரும்.

தொட்டி எதற்கு என்றால், ஊற்று இரவெல்லாம் ஓடுகிறது, ஊர் காலையில் இரண்டு மணி நேரத்தில் பிடித்துவிடுகிறது. ஒரு நாள் தேவையில் பாதி, அதாவது 10,000 லிட்டர் போதும். 2.5 மீட்டர் விட்டமும் 2 மீட்டர் நீர் உயரமும் உள்ள வட்டத் தொட்டி 9.8 கனமீட்டர் பிடிக்கும். கழுதையும் மனிதத் தோளும் மட்டுமே ஏறும் பாதையில் ஃபெரோசிமெண்ட்தான் கட்டுப்படியாகும்: கம்பிக்கூடு, கோழிவலை, 1 பங்கு சிமெண்டுக்கு 3 பங்கு சலித்த ஆற்றுமணல், சுவர் 4, 5 சென்டிமீட்டர் கனம். கலவையில் தண்ணீரைத் தாராளமாக விட்டால் பூசுவது எளிது, பிறகு வெடிப்பதும் நிச்சயம். சாக்கைப் போர்த்தி இரண்டு வாரம் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். காற்றுக்குழாயின் வாய் கீழ்நோக்கி வளைந்து, துருப்பிடிக்காத வலையோடு இருக்க வேண்டும். வலை கிழிந்த தொட்டிக்குள் எலி விழுந்து கிடப்பது அரிதான சம்பவம் அல்ல.

மேட்டு வீட்டின் விதி தொட்டிக்குக் கீழேதான் முடிவாகிறது. ஊற்றிலிருந்து வரும் குழாய் விநாடிக்கு 0.25 லிட்டர் சுமந்தால் போதும். தொட்டியிலிருந்து போகும் குழாயோ, காலையில் 15 குழாயடிகள் ஒரே சமயத்தில் திறந்தால், ஒவ்வொன்றுக்கும் 0.1 லிட்டர் வீதம் 1.5 லிட்டர் சுமக்க வேண்டும். தொட்டிக்கு மேலே மெல்லிய குழாய், கீழே தடித்த குழாய். பலர் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். மேட்டு வீடு தொட்டியைவிட 8 மீட்டர் தாழ்வில், 300 மீட்டர் தள்ளி இருக்கிறது என்போம். 50 மி.மீ. குழாயில் 1.5 லிட்டர் ஓடினால் அந்த 300 மீட்டரில் ஏழரை மீட்டர் உயரம் உராய்விலேயே போய்விடும். மிஞ்சுவது அரை மீட்டர், குழாயில் சொட்டுகூட ஒழுங்காக வராது. 63 மி.மீ. போட்டால் இழப்பு இரண்டரை மீட்டர், மிஞ்சுவது ஐந்தரை. குடம் நிரம்பும். ஒரே ஒரு அளவு வித்தியாசத்தில் ஒரு குடும்பம் பத்து வருடம் பக்கத்து வீட்டுக் குழாயடியில் காத்து நிற்பதோ நிற்காமல் இருப்பதோ தீர்மானமாகிறது.

பள்ளத்து வீடுகளுக்கு எதிர்ப் பிரச்சினை. 50 மீட்டருக்கு மேல் அழுத்தம் இருந்தால் வாஷர் மாதக்கணக்கில்கூட நிற்காது, ஒழுகும் குழாய் மேட்டுத் தண்ணீரையும் இழுத்துவிடும். அங்கே தனிக் கிளைக்குழாய், அதன் தொடக்கத்தில் குறுக்கிய குளோப் வால்வு, அதற்கு ஒரு பூட்டிய பெட்டி. வால்வைச் சரிசெய்யும் நாளில் எல்லாக் குழாய்களையும் திறந்து வைத்து, மேட்டு வீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றிலும் வாளியும் கடிகாரமும் கொண்டு அளந்து, நிமிடத்துக்கு 6 லிட்டர் வரும்வரை திருக வேண்டும். எத்தனை சுற்றுத் திறந்திருக்கிறது என்பதை எழுதி வைக்க வேண்டும்.

பயன்பாட்டுக்குத் திறப்பதற்கு முன் தொட்டியையும் குழாயையும் கிருமி நீக்க லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின். 10,000 லிட்டருக்கு 500 கிராம் குளோரின். 25 சதவீத வலு உள்ள ப்ளீச்சிங் பவுடர் என்றால் 2 கிலோ. பவுடரை பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரோடு கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். ஒரு நாள் நிறுத்தி, அந்த நீரை ஓடையில் விடாமல் வெற்று நிலத்தில் வடிக்க வேண்டும். ஓடையில் விட்டால் மீன்கள் செத்து மிதக்கும். அன்றாடத்துக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் போதும், அதாவது அதே தொட்டிக்கு 40 கிராம் பவுடர். அரை மணி நேரம் கலந்து நின்ற பிறகு, கடைக்கோடிக் குழாயில் 0.2 முதல் 0.5 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும். கலங்கிய நீரில் குளோரின் வேலை செய்யாது. கிருமிகள் மண்துகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொள்ளும். திறந்து வைத்த பவுடர் மூட்டை ஈரம் பட்டுச் சில மாதங்களில் வலு இழக்கும், அப்போது அதே 40 கிராம் வெறும் சுண்ணாம்புதான்.

ஊற்றே இல்லாமல் ஓடையிலிருந்து எடுக்க நேர்ந்தால் மெதுமணல் வடிகட்டி தவிர்க்க முடியாது. மணிக்கு 0.15 மீட்டர் வேகத்தில் இறங்க, நம் 0.25 லிட்டர் ஓட்டத்துக்கு 6 சதுர மீட்டர் பரப்பும் 80 சென்டிமீட்டருக்குக் குறையாத மெல்லிய மணலும் வேண்டும். மணலின் மேல் வளரும் வழவழப்பான உயிர்ப்படலம்தான் கிருமிகளைப் பிடிக்கிறது. அது வளர வாரக்கணக்கில் ஆகும், தண்ணீர் நின்று காய்ந்தால் செத்துவிடும். அடைத்துக்கொண்ட ஒன்றின் மேல்மணலைச் சுரண்டும்போது மற்றொன்று ஓட, இரண்டு படுக்கைகளாகக் கட்ட வேண்டும்.

பராமரிப்புக்குச் சம்பளத்தோடு ஓர் ஆள் வேண்டும். சம்பளமில்லாத பொறுப்பு ஒரு வருடம் நடக்கும். அவர் பையில் இரண்டு குழாய் ரெஞ்சு, ரம்பம், டெஃப்லான் டேப், பத்து வாஷர், போட்ட குழாயின் அளவுக்கே பொருந்தும் நான்கு கம்ப்ரஷன் ஃபிட்டிங் (குழாய்களை இறுக்கி இணைக்கும் மூட்டு), 6 மீட்டர் துண்டுக் குழாய் இருந்தால் பெரும்பாலான உடைப்புகளை அன்றே சரிசெய்துவிடலாம். குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் விட்டத்தையும் அழுத்த வகுப்பையும் தொட்டியின் சுவரில் பெயின்டால் எழுதி வைக்க வேண்டும். புதைத்த பிறகு யாருக்கும் நினைவிருக்காது. ஒவ்வொரு மாதமும் முதல் நாளில் அதே 20 லிட்டர் வாளியை ஊற்றில் வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆனது என்று நோட்டில் குறிக்க வேண்டும். போன கோடையில் 80 ஆக இருந்தது இந்தக் கோடையில் 95 ஆகியிருந்தால், ஊற்றுக்கு மேலே யாராவது சாலை வெட்டியிருக்கிறார்களா, மரம் வெட்டியிருக்கிறார்களா என்று அன்றைக்கே ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும்.